பாழடைந்த பங்களாவா, நண்பர் வீட்டு மாடி அறையா?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இறுதியாண்டில் டிரெய்லர் ப்ராஜெக்ட் என்று அறிவித்ததும் பாதி டீம் பேய்ப் படத்துக்குக் கை தூக்கிவிடும். பெரிய நடிகர் வேண்டாம், பக்கம் பக்கமாக வசனம் வேண்டாம். இருட்டும் ஓர் அலறலும் போதும் என்ற கணக்கு. கணக்கில் பெரிய தப்பில்லை. ஆனால் ஒருவரிக் கதை முடிவானதுமே லொகேஷனில் வந்து டீம் இரண்டாக உடையும். ஊருக்கு வெளியே பூட்டிக்கிடக்கும் பழைய பங்களாவுக்கு ராத்திரி போய் எடுப்போம் என்பவர்கள் ஒரு பக்கம். யாராவது ஒருவர் வீட்டில் ஜன்னலை அடைத்துப் பகலிலேயே எடுத்துவிடலாம் என்பவர்கள் இன்னொரு பக்கம். எங்கள் டீமில் வீடுதான் ஜெயித்தது. ஜூனியர்கள் வந்து கேட்டாலும் வீட்டைத்தான் சொல்கிறேன். ஆகவே நடுநிலையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

கேமரா விஷயம் இரண்டுக்கும் பொது. டிபார்ட்மென்ட் டிஎஸ்எல்ஆர் கிடைத்தால் அது, இல்லையென்றால் நல்ல போன். எதுவானாலும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானாக மாறாதபடி லாக் செய்ய வேண்டும். போனில் அதற்கு பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. எடிட்டிங்குக்கும் கலர் திருத்தத்துக்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தாராளம். பணம் என்று பார்த்தால் பங்களாவுக்கு வண்டி வாடகையும் ராத்திரிச் சாப்பாடும் கூடுதல், அவ்வளவுதான்.

பங்களாவின் பலத்தை மறைக்க முடியாது. காரை உதிர்ந்த சுவர், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று, ஒரு கீலில் தொங்கும் ஜன்னல் கதவு. இதையெல்லாம் மாணவர்கள் செட் போட்டுக் கொண்டுவரவே முடியாது. ஒரு ஒய்டு ஷாட் வைத்தால் போதும், என்ன மாதிரிப் படம் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். டிரெய்லரின் முதல் பத்து விநாடியைப் பங்களாவே பார்த்துக்கொள்ளும். வீட்டில் எடுப்பவர்கள் அந்தப் பத்து விநாடிக்கு முட்டி மோத வேண்டியிருக்கும்.

தொல்லை அனுமதியில் ஆரம்பிக்கிறது. பூட்டிக்கிடக்கிறது என்பதற்காகச் சொந்தக்காரர் இல்லை என்று ஆகிவிடாது. பாகப்பிரிவினையில் சிக்கி அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் இருக்கும். ஒருவர் சரி என்பார், இன்னொருவர் ஆள் அனுப்புவார். வாய்வார்த்தையாக வாங்கிய அனுமதி ராத்திரி பதினொரு மணிக்குச் செல்லாது. வெள்ளைப் புடவையும் தலைவிரி கோலமுமாக ஒரு பெண் அரிக்கேன் விளக்கோடு நிற்பதை அந்த வழியாக பைக்கில் போகிறவர் பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். அக்கம்பக்கத்திலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லி வைக்காமல் இதில் இறங்கக் கூடாது.

அப்புறம் ஹாஸ்டல். பல கல்லூரிகளில் பெண்கள் ஹாஸ்டல் கேட் இருட்டுவதற்குள் மூடிவிடும். பேயும் பெண், பயப்படுகிறவரும் பெண் என்று கதை எழுதிவிட்டு, அவர்கள் யாரும் வர முடியாத நேரத்தில் ஷூட்டிங் வைத்தால் என்ன செய்வது? எங்கள் டீமில் கேமரா பிடித்தவரே ஹாஸ்டல் மாணவி. பங்களா யோசனையில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது. பாம்பு, தேள், கால் வைத்தால் ஆடும் மரப்படி இவையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளிச்சத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பேய்ப் படத்துக்கு இருட்டு வேண்டும், பங்களாவில் இருட்டு இலவசம், வேறென்ன வேண்டும் என்று நினைப்பார்கள். கேமராவுக்கு வெறும் இருட்டு உதவாது. வெளிச்சம் போதாத இடத்தில் போன் தானாக ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் அளவை) ஏற்றும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். அதை யூடியூபில் ஏற்றினால் கம்ப்ரஷனில் இருட்டுப் பகுதி கட்டம் கட்டமாக உடையும். திரையில் இருட்டாகத் தெரியும் ஷாட்டை உண்மையில் போதுமான வெளிச்சத்தில் எடுத்து, முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஒளியில் விட்டு, மீதியைக் கலர் திருத்தத்தில் இருட்டாக இறக்குவார்கள்.

அந்த வெளிச்சத்தைப் பங்களாவைச் சுற்றிய திறந்தவெளியில் கொண்டுவருவது லேசில்லை. விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவரை நாலு மீட்டருக்குத் தள்ளினால் அவர்மேல் விழும் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். திருப்பி அனுப்பச் சுவரோ கூரையோ இல்லாததால், அரங்குக்குப் போதுமான எல்இடி பேனல் தோப்புக்குள் வைத்தால் மினுக்கென்று நிற்கும். கரன்டும் இருக்காது, ஜெனரேட்டர் வைத்தால் சத்தம், பேட்டரி வைத்தால் ஒவ்வொரு டேக்குக்கும் சார்ஜ் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குள் அதே பேனல் போதும், சொல்லப்போனால் அதிகம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு நண்பர் வீட்டு மாடி அறை. ஜன்னலுக்குக் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டி, அதற்குமேல் தடிமனான கறுப்புத் துணியை ஆணியில் மாட்டினோம். ஜன்னல் அடைபடுவது சுலபம், அதற்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரும் கதவின் கீழ் இடுக்கும்தான் காட்டிக்கொடுக்கும். கதவிடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்துவிட்டு, விளக்கை எல்லாம் அணைத்து, கண் பழகும்வரை உட்கார்ந்து பார்த்தால் எங்கே ஒளி கசிகிறது என்று தெரிந்துவிடும்.

கதவுக்கு வெளியே ஒரு விளக்கை வைத்து, கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே சாம்பிராணி போட்டோம். கொஞ்ச நேரம் விசிறியை ஓடவிட்டுப் புகையைக் கலக்கி, பிறகு நிறுத்தியதும் வெளிச்சம் கத்தி மாதிரி அறையைக் குறுக்கே வெட்டி நின்றது. அந்தக் கீற்றுக்குள் ஒரு கை நீண்டால் போதும், மேக்கப்பே தேவையில்லை. திறந்தவெளியில் இதே சாம்பிராணியைப் போட்டால் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். (மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டீமில் இருந்தால் சாம்பிராணியை மறந்துவிடுங்கள். டேக்குகளுக்கு நடுவே கதவைத் திறந்துவிடுவதும் கட்டாயம்.)

வீட்டு விளக்குகளில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். போன் வழக்கமாக விநாடிக்கு 30 பிரேமில் எடுப்பதால் விலை குறைந்த எல்இடி பல்புகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

இனி, எங்களை முடிவுக்குக் கொண்டுவந்த விஷயத்துக்கு வருகிறேன். அது பேட்ச் ஒர்க், அதாவது எடிட்டிங்கில் குறையும் ஷாட்டுகளைத் திரும்பப் போய் எடுப்பது.

குறும்படத்துக்கும் டிரெய்லருக்கும் இங்கேதான் வேறுபாடு. குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஸ்கிரிப்டில் உள்ளதை எடுத்துவிட்டால் ஏறக்குறைய படம் கையில் இருக்கிறது. டிரெய்லர் எடிட்டிங்கில்தான் பிறக்கிறது. 90 விநாடி டிரெய்லரில் சராசரியாக ஒன்றரை விநாடிக்கு ஒரு வெட்டு என்றால் 60 ஷாட். சினிமாவில் டிரெய்லர் வெட்டுபவருக்கு இரண்டு மணி நேரப் படம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு ஷாட் சரியில்லை என்றால் இன்னொன்றை உருவிக்கொள்வார். மாணவர் டிரெய்லருக்குப் பின்னால் படமே கிடையாது! இல்லாத படத்திலிருந்து எடுத்த துண்டுகள் போலக் காட்ட வேண்டும். எடுத்தது மட்டும்தான் இருப்பு. முதல் எடிட்டைப் போட்டு, இசையை ஓடவிட்டுப் பார்க்கும்போதுதான் ஓட்டைகள் தெரியும். வேகம் ஏற வேண்டிய இடத்தில் வெட்டுவதற்கு ஷாட்டே இருக்காது. கதவு திறப்பது இருக்கும், அதற்கு முன்னால் தாழ்ப்பாள் தானாக நகர்வது இருக்காது. அலறும் முகம் இருக்கும், எதைப் பார்த்து அலறுகிறாள் என்ற ஷாட் இருக்காது. ஸ்டோரிபோர்டு எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் ஸ்டோரிபோர்டு போடும்போது அந்த இசை காதில் விழவில்லை.

எங்களுக்கும் அப்படி ஓட்டைகள் வந்தன. தாழ்ப்பாள், படியில் வைக்கும் பாதம், கண்ணாடியைத் துடைக்கும் கை என்று ஒரு பட்டியல். மறுபடி அதே அறைக்குப் போனோம். துணியை மாட்டி, விளக்கை அதே இடத்தில் வைத்து எடுத்தோம். முந்தைய ஷாட்டோடு ஒட்டிப் பார்த்தால் இடைவெளி தெரியவில்லை. பாதம் மட்டும் வேறொருவருடையது. கதாநாயகி அன்று ஊரில் இல்லை. கொலுசை மாற்றிப் போட்டதோடு சரி.

பங்களாவில் எடுத்த இன்னொரு டீமுக்கும் ஷாட் குறைந்தது. திரும்பிப் போனபோது காவலாளி மாறியிருந்தார், பழைய அனுமதி அவரிடம் எடுபடவில்லை. நடுவில் மழை பெய்து, வாசலில் இல்லாத செடியெல்லாம் இடுப்பளவு வளர்ந்திருந்தது. கடைசியில் கல்லூரிச் சுவர் ஒன்றில் க்ளோஸப் எடுத்துச் சேர்த்தார்கள். பங்களாச் சுவரில் சுண்ணாம்பு, இங்கே டிஸ்டெம்பர். பெரிய திரையில் போட்டதும் பின்வரிசைக்கே தெரிந்தது. அந்த டீமின் ஒய்டு ஷாட்டுக்கு எங்களுடையது கால் தூசு பெறாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜன்னலை அடைத்த அறையில் காலை பத்தும் மாலை நாலும் ஒன்று. மூன்று வாரம் கழித்துப் போனாலும் வெளிச்சம் உங்கள் கையில். ஆனால் முதல் நாளே குறித்து வைத்திருந்தால்தான் இது பலிக்கும். ஒவ்வொரு செட்டப்பிலும் விளக்கு எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை கெல்வின் (ஒளியின் நிற அளவு), ஐஎஸ்ஓ என்ன என்று ஒருவர் எழுத வேண்டும். விளக்கும் ஆளும் ஒன்றாகத் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது எழுதுவதைவிட நல்லது. ட்ரைபாட் கால்களுக்குத் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டு அம்மாவிடம், ஷூட்டிங் முடியும்வரை அந்த அறைத் திரைச்சீலையைத் துவைக்க வேண்டாம் என்று சொல்லி வைப்பதும் இதில் சேர்த்தி.

வீடு தோற்கும் இடங்கள் உண்டு. அறை சின்னது, கேமரா பின்னால் போகச் சுவர் விடாது. வெள்ளைச் சுவர் இருட்டைக் கெடுக்கும், போட்ட வெளிச்சத்தை எல்லாம் திருப்பித் தள்ளும். பிரேமில் விழாத பக்கம் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டுத்தான் சமாளிக்க வேண்டும். முக்கியமாக, வீடு வீடாகவே தெரியும். மாதக் காலண்டர், சுவிட்ச் போர்டு, ஸ்டெபிலைசர் எல்லாம் பிரேமுக்குள் எட்டிப் பார்க்கும். அதை மறைக்கப் பார்ப்பதைவிடக் கதையை அதற்கேற்ப மாற்றுவது புத்திசாலித்தனம். ஓரன் பெலி ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைச் சான் டியாகோவில் தன் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலரில் எடுத்தார், சாதாரணப் படுக்கையறையாக இருப்பதுதான் அதில் பயமே. 2012-ல் வந்த ‘பீட்சா’விலும் நடுங்க வைக்கும் பகுதி ஒரே வீட்டுக்குள் டார்ச் வெளிச்சத்தில் நடக்கிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் உடனே ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ என்பார்கள். உண்மைதான், காட்டில் எடுத்த படம். ஆனால் நடிகர்களே கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்து எடுத்தது. ஷாட்டுக்கு ஷாட் மேட்ச் ஆக வேண்டிய கட்டாயம் அந்தப் பாணியில் குறைவு. உங்கள் கதையும் அந்தப் பாணி என்றால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும்.

ஒலியில் வீடு இன்னும் மோசம். ராத்திரி பங்களாவில் சில்வண்டும் தவளையும் தாமாகவே பின்னணி போடும். பகல் வீட்டில் குக்கர் விசில், மிக்ஸி, தெருவில் ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டி. எங்களுக்கு இது பெரிதாக உறுத்தவில்லை, டிரெய்லரில் நேரடி ஒலி தங்குவது மிகக் குறைவு. சில்வண்டை ஒரு ராத்திரி மொட்டைமாடியில் போனை வைத்தே பதிவு செய்துகொள்ளலாம். மற்றவை ஃப்ரீசவுண்ட் தளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு என்பதால் பெயர் போட வேண்டுமா என்று பார்த்து எடுங்கள். சினிமா பிஜிஎம்மை உருவிப் போட்டால் யூடியூபின் காப்புரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடி பிடித்துவிடும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: வெளிப்புறத்தைப் பகலில் எடுத்து ராத்திரியாக மாற்றுவது. ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தால் வெயில் நீலமாகும். வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் ஒரு பங்காகக் குறைத்து, சூரியனை ஆளுக்குப் பின்னால் நிலவாக வைத்து, வானம் பிரேமில் விழாமல் எடுக்க வேண்டும். நாங்கள் இதில் எடுத்தது இரண்டொரு ஷாட்தான், அதுவும் மரநிழலில். ஒரு முழு டிரெய்லரை இதை நம்பி எடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வீட்டின் வெளித்தோற்றத்துக்கு அந்தியே மேல். சூரியன் மறைந்தபின் நம் ஊரில் நல்ல நீல வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். உள்ளே ஒரு விளக்கைப் போட்டு, கேமராவை முன்பே நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் ஒரு ஷாட் தேறும். அந்த ஒரு ஷாட்டுக்காக மட்டும் பங்களா வாசலுக்குப் போய்வந்தாலும் தப்பில்லை, கேட்டுக்கு வெளியே நின்றே எடுத்துவிடலாம்.

டீமில் யாருடைய தாத்தா பெயரிலாவது பழைய வீடு இருந்து, சாவி எப்போது கேட்டாலும் கைக்கு வரும் என்றால் நான் சொன்ன எதையும் கேட்க வேண்டாம். அங்கேயே எடுங்கள். அப்போதும் ஜன்னலை அடைத்துப் பகலில் எடுங்கள், முதல் எடிட்டுக்கும் சமர்ப்பிக்கும் தேதிக்கும் நடுவே ஒரு சனி, ஞாயிறைப் பேட்ச் ஒர்க்குக்கென்று காலியாக விடுங்கள்.