யங் அவெஞ்சர்ஸ்: பெற்றோர் கண்ணுக்குப் புலப்படாத பகை
கீரோன் கில்லன் எழுத, ஜேமி மெக்கெல்வி வரைய, 2013இல் தொடங்கி 15 இதழ்கள் வெளிவந்த மார்வெலின் இந்தக் காமிக்ஸ் தொடர், பதின்பருவத்தினருக்கான சூப்பர்ஹீரோ கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. காதலன் ஹல்க்லிங்கின் இறந்த தாயை மந்திரத்தால் மீட்க முயலும் விக்கன், அவளுடைய உருவில் ஓர் ஒட்டுண்ணியை வரவழைத்துவிடுகிறான். அவனுடைய பெற்றோரோ அதன் வசப்பட்டுப் பிள்ளைகளுக்கே எதிராகத் திரும்புகிறார்கள். காதலர்களான விக்கனும் ஹல்க்லிங்கும் ஆண்கள் என்பது இங்கே விவாதப் பொருளே அன்று. தங்கள் காதலே விக்கனின் மந்திரத்தால் விளைந்ததோ என்று ஹல்க்லிங் கொள்ளும் ஐயம்தான் கதையின் உண்மையான வலி, அதை ஆசிரியர் நிதானமாக வளர்க்கிறார். நான்காம் இதழில், எண்ணிட்ட வரைபடமாக விரியும் இரட்டைப்பக்கச் சண்டைக்காட்சியை (வசனத்தை மறந்து) ரசிக்கலாம். முடிவு மட்டும் அவசரமாகிவிட்டது. குழுவில் ஒருத்தியான அமெரிக்கா சாவேஸுக்கு இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.