எரிமலைப் பக்கம் மோட்டார்ஹோமில் போனால் ராத்திரி எங்கே நிறுத்துவது?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி, வாடகைக்கு எடுக்க நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, நாலு பேர் படுக்கும் வண்டியா, ஆறு பேர் படுக்கும் வண்டியா என்பதுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ரோட்டோருவாவில் தொடங்கி டவுப்போ ஏரி வழியாக டொங்காரிரோ தேசியப் பூங்கா வரை நீளும் எரிமலை வட்டாரத்துக்குப் போவதென்றால், ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வண்டியின் அளவு, செலவு, பகல் அலைச்சல் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

நிறுத்த மூன்று வழிகள் இருக்கின்றன. காசு கொடுக்காமல் நகரசபை அனுமதித்த இடத்தில் நிறுத்துவது. இதை இங்கே ஃப்ரீடம் கேம்பிங் என்பார்கள். இரண்டாவது, மின்சாரம், சமையலறை, வெந்நீர் எல்லாம் உள்ள தனியார் ஹாலிடே பார்க். மூன்றாவது, அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம். அந்தத் துறையை ஊரில் எல்லாரும் ‘டாக்’ என்றுதான் சொல்வார்கள். ஒரு ஜனவரியில், பள்ளி விடுமுறையில், நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஆறு ராத்திரிகள் போனோம். மூன்றையும் பார்த்துவிட்டோம்.

இலவசம் என்றதும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் வண்டி ‘செல்ஃப் கன்டெய்ன்டு’ சான்று பெற்றிருக்க வேண்டும், அதாவது தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே வைத்துச் சமாளிக்க வேண்டும். 2011 ஃப்ரீடம் கேம்பிங் சட்டத்தை 2023-இல் இறுக்கிவிட்டார்கள். இருக்கைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து வைக்கும் கையடக்கக் கழிப்பறை போதாது, வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது புது விதி. அதற்குப் பச்சை அட்டை தருவார்கள், கண்ணாடியில் ஒட்டியிருக்கும். சான்று இல்லாத வண்டியை நிறுத்தினால் அபராதம் 400 டாலர். ஹாலிடே பார்க்கில் பல ராத்திரி தங்கும் காசு அது.

டவுப்போவில் நாங்கள் நிறுத்தியது ரீட்ஸ் ஃபார்ம் என்ற இலவச இடத்தில். ஹிபாபட்டுவா என்பது இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் அதன் பெயர். ஹுக்கா அருவிக்குக் கொஞ்சம் மேலே, வைகாட்டோ ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஆறு. ஆற்றின் நிறத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. புதுக் கண்ணாடி வளையலை வெயிலில் பிடித்தால் தெரியுமே, அந்தப் பச்சை. அந்தத் தண்ணீர்தான் கொஞ்ச தூரத்தில் குறுகிய பாறை இடுக்குக்குள் அடைபட்டு, நொடிக்கு 2,20,000 லிட்டர் வரை ஹுக்காவில் கொட்டுகிறது. காசில்லாமல் இப்படி ஒரு காலை கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

கசந்தது இரண்டாம் நாள். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் நல்ல இடங்கள் போய்விடும், அதனால் மதியத்துக்குப் பிறகு எங்கும் போக முடியாது. போனால் திரும்பி வரும்போது இடம் இருக்காது. அப்புறம், கேசட். மோட்டார்ஹோமின் கழிப்பறைக்கு அடியில் இழுத்து எடுக்கும் பெட்டி ஒன்று இருக்கும், அதன் பெயர் கேசட். நாலு பேர் உபயோகித்தால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். சிவப்பு விளக்கு எரிந்ததும் வீட்டில் ஒருவர் அதை உருட்டிக்கொண்டு டம்ப் ஸ்டேஷனுக்கு, அதாவது கழிவு கொட்டும் இடத்துக்கு, போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்பதில் விவாதமே நடக்கவில்லை. மூடியைத் திருகி, மூச்சைப் பிடித்து, காற்றுப் பொத்தானை அழுத்தியபடி சாய்க்க வேண்டும். பொத்தானை மறந்தால் மொத்தமும் குபுக்கென்று வந்து காலில் தெறிக்கும். நான் மறந்தேன். இலவச இடத்தின் விலை இதுதான்: கழிவைக் கொட்ட ஒரு பயணம், தண்ணீர் பிடிக்க ஒரு பயணம், குளிக்க ஒரு பயணம்.

ரோட்டோருவா பக்கம் இலவசம் தேடுபவர்களுக்கு இன்னொன்று. வைஓட்டாபு என்ற இடத்துக்கு அருகே கெரோசின் க்ரீக் என்று வெந்நீர் ஓடை இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல ஓடை. தலையை மட்டும் தண்ணீருக்குள் முக்கக் கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா பற்றிப் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் பெண் கொலுசைக் கழற்றாமல் இறங்கிவிட்டாள். அரை மணி நேரத்தில் வெள்ளி கருத்துவிட்டது, கந்தகத் தண்ணீர் அப்படி. அங்கே ராத்திரி தங்க அனுமதி கிடையாது. நிறுத்துமிடத்தில் வண்டிக் கண்ணாடியை உடைத்துத் திருடுவதும் உண்டு, பகலிலேயே பையை வண்டியில் விட்டுப் போகாதீர்கள்.

ஹாலிடே பார்க் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒயரைச் செருகினால் மின்சாரம். துணி துவைக்க மிஷின். நாலு அடுப்புள்ள பொதுச் சமையலறையில் சாம்பார் தாளித்தால் பக்கத்து ஜெர்மன் குடும்பம் எட்டிப் பார்க்கும். கதவைத் திறந்தால் தெரிவது பக்கத்து வண்டியின் விலாப்புறம். எரிமலைப் பிரதேசத்துக்கு வந்துவிட்டு அதைப் பார்ப்பதற்கா காசு என்று தோன்றும். ஆனால் மூன்று நாள் கேசட் தூக்கிய பிறகு அந்த விலாப்புறமும் அழகாகத்தான் இருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ரோட்டோருவாவுக்குத் தெற்கே வைகிட்டிப் பள்ளத்தாக்கில் வெந்நீர்க் குளங்களை ஒட்டியே ஒரு முகாம் இருக்கிறது. அங்கே டெ மனரோவா என்ற ஊற்றிலிருந்து கொதிக்கிற தண்ணீர் பொங்கி வருகிறது. அதை ஆற வைத்துத்தான் குளங்களுக்கு விடுகிறார்கள். கந்தக நாற்றம் அவ்வளவாக இல்லை. முகாமில் தங்கியதால் குளத்துக்கு எங்களிடம் தனிக் காசு வாங்கவில்லை. பகல் கூட்டம் போன பிறகு, ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுபடி போய்க் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தோம். முதுகுவலிக்காரர்கள், வயதான அப்பா அம்மாவை அழைத்துவருபவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இங்கேயே இரண்டு ராத்திரி போடலாம்.

இனி டாக் முகாம். என் ஓட்டு இதற்குத்தான், காரணம் சொல்கிறேன்.

முதல் ராத்திரி ரெரெஃபகாஐட்டு ஏரிக்கரையில், ஆஷ் பிட் ரோடு முகாம். சாம்பல் குழிச் சாலை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, சும்மா இல்லை. அங்கிருந்து பார்த்தால் தரவெரா மலை தெரியும். 1886 ஜூன் 10 விடியற்காலையில் அந்த மலை பிளந்தது. 17 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி கிழிந்து, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகள் இருந்த இடம் தெரியாமல் போயின. சுமார் 120 பேர் செத்துப்போனார்கள். பகலில் வைமாங்கு எரிமலைப் பள்ளத்தாக்கில் நடந்தபோது இந்தக் கதையைப் பலகையில் படித்தேன், மனதில் ஒட்டவில்லை. ராத்திரி ஏரிக்கரையில் டீ டம்ளரோடு உட்கார்ந்து, மேல் பக்கம் தட்டையாக இருக்கும் அந்த மலை இருட்டிக்கொண்டே வருவதைப் பார்த்தபோதுதான் ஒட்டியது. ஹாலிடே பார்க்கின் விளக்கு வெளிச்சத்தில் இது நடக்காது.

வசதி என்று பார்த்தால் சாதாரண டாக் முகாமில் குழிக் கழிப்பறை, தண்ணீர், வண்டி போக வழி, அவ்வளவுதான். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். மின்சாரம் கிடையாது. எங்கள் நாலு பேருக்கு ஆன செலவு ஹாலிடே பார்க்கில் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி. கழிப்பறை இருப்பதால் கேசட் மெதுவாகத்தான் நிறையும், இந்த ஒரு லாபத்துக்கே அந்தக் காசைக் கொடுக்கலாம்.

ஐந்தாம் ராத்திரி மங்காஹுயா. டொங்காரிரோ மலைகளின் மேற்கே, 47-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, ஓடைக்கரையில் உள்ள முகாம். பக்கத்தில் உள்ள நேஷனல் பார்க் கிராமமே 800 மீட்டருக்கு மேல் உயரம். ஜனவரியிலும் ராத்திரி குளிர் எலும்பைத் தொடும். டீசல் ஹீட்டர் ஓடுகிறதே என்று நிம்மதியாகப் படுத்தோம். மூன்று மணிக்கு ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. ஹீட்டர் எரிவது டீசலில் என்றாலும் அதன் விசிறி ஓடுவது வண்டியின் பின்பக்க பேட்டரியில். பிள்ளைகள் சாயங்காலம் முழுக்க டேப்லெட்டை அதில் சார்ஜ் போட்டிருந்தார்கள். பேட்டரியும் பழசு, வாடகைக்குக் கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை. மிச்ச ராத்திரி நாலு பேரும் ஒரே படுக்கையில். காஸ் அடுப்புக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால் விடியலில் உருளைக்கிழங்கு வேகவைத்து, உப்பும் மிளகும் தூவி, சூடாகச் சாப்பிட்டோம். வெளியே வந்தால் ருவாபெஹு எரிமலை, 2,797 மீட்டர், உச்சியில் கோடை மிச்சம் வைத்த பனியோடு மேகமில்லாமல் நின்றது.

பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடக்கும் டொங்காரிரோ ஆல்பைன் கிராஸிங்கை நாங்கள் தொடவில்லை. போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: மங்காட்டெபோபோ தொடக்க இடத்தில் கோடையில் நாலு மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்தக் கூடாது. நடையோ ஏழெட்டு மணி நேரம். ஆக வண்டியை முகாமிலோ கிராமத்திலோ விட்டு ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும். அதற்கு, ஆறாம் ராத்திரி நாங்கள் தங்கிய ஃபகப்பப்பா கிராமத்து ஹாலிடே பார்க் வசதி. அங்கிருந்து தரனாக்கி அருவிக்கு இரண்டு மணி நேரத்தில் போய் வரலாம். பழைய லாவா ஓட்டத்தின் விளிம்பிலிருந்து 20 மீட்டர் விழுகிறது. ஏழு வயதுப் பையனே நடந்தான்.

ருவாபெஹு பக்கம் ‘சாலையோரம் அழகாக இருக்கிறதே, இங்கேயே நிறுத்திவிடலாம்’ என்ற யோசனை வேண்டவே வேண்டாம். சிகரத்தில் ஒரு ஏரி இருக்கிறது. அதன் கரை உடைந்தால் தண்ணீரும் சாம்பலும் பாறையும் சேர்ந்த சேறு, லஹார் என்பார்கள், பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும். வெலிங்டன் போகும் வழியில் தங்கிவாய் நினைவிடத்தில் இறங்கிப் பார்த்தோம். 1953 டிசம்பர் 24 ராத்திரி, அப்படி வந்த லஹார் ரயில் பாலத்தைச் சிதைத்த சில நிமிடங்களில் ஆக்லாந்து ரயில் வந்தது. 151 பேர் செத்துப்போனார்கள். ஆற்றைப் பார்த்தால் நம்பவே முடியாது, அவ்வளவு சின்னது.

வண்டியை வெலிங்டனில் விட்டோம். அந்த ஊரின் டெ பாப்பா அருங்காட்சியகச் சேகரிப்பில் உடைந்த வெண்கல மணி ஒன்று உண்டு. அதில் உள்ளது தமிழ் எழுத்து: முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று சொல்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைப் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். இங்கே எப்படி வந்தது என்பது இன்றுவரை புதிர்.

சரி, வண்டி. டாக் முகாமையும் ஹாலிடே பார்க்கையும் கலந்து போவதாக இருந்தால் ஆறு பேர் வண்டி தேவையில்லை, நாலு பேர் வண்டியே தாராளம். குறுகிய சாலைகளிலும் ஒருவழிப் பாலங்களிலும் ஓட்டுபவருக்கு உயிர் வரும். மறுபடி ஐந்து ராத்திரி கிடைத்தால் ஆஷ் பிட் ரோட்டில் ஒன்று, வைகிட்டியில் ஒன்று, ரீட்ஸ் ஃபார்மில் ஒன்றே ஒன்று, மங்காஹுயாவில் ஒன்று, அதுவும் ஒயரைச் செருகி பேட்டரியை நிரப்பிய மறுநாள். ஐந்தாவதை எங்கும் பதிவு செய்யாமல் விடுவேன். மலை மேகத்துக்குள் போய்விட்டால் டவுப்போவில் இன்னொரு நாள் இருந்துவிட்டு, திறந்ததும் போகலாம்.