லிலி கிளாட்ஸ்டோனுக்காக ஒரு மாச ஆப்பிள் டிவி, வொர்த்தா?

இந்த நடிகை நடிச்ச படம் ரெண்டு இருக்குன்னு தான் சப்ஸ்கிரைப் பண்ணேன், 99 ரூபா. எல்லாரையும் போல மொதல்ல போட்டது ஸ்கார்செசியோட கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன், 3 மணி 26 நிமிஷம், எனக்கு ரெண்டு நைட் ஆச்சு. 1920கள்ல ஓக்லஹோமால எண்ணெய்க் காசு வந்த ஓசேஜ்ங்கற பூர்வகுடி ஜனங்கள ஒவ்வொருத்தரா கொன்ன உண்மைக்கதை. வெளிய மழை கொட்டுது, டிகாப்ரியோ பயிருக்கு நல்லதுன்னு என்னமோ உளர்றாரு, சும்மா இருன்னு ஒரே வார்த்தைல அடக்கிட்டு போர்வையோட மழைய கேட்டுட்டு உக்காந்திருப்பாங்க லிலி, அந்த சீன்லயே படம் அவங்களோடது ஆயிடுச்சு.

ஆனா கடுப்பு என்னன்னா சாவு மேல சாவு விழுறது மாலி, அதாவது லிலி கேரக்டர் வீட்டுல, கேமரா சுத்துறது புருஷன் டிகாப்ரியோ பின்னாடி. பாதிக்கு மேல அவங்கள ஊசி போட்டு படுக்க வச்சிட்டாங்க. படத்துக்கு ஓசேஜ் மொழி சொல்லிக்குடுத்த ஒருத்தரே இது மாலி கதையா வந்திருக்கணும்னு தான் சொன்னாரு. இதுக்கு 2024ல கோல்டன் குளோப், சிறந்த நடிகைக்கு ஆஸ்கர் நாமினேஷன் வாங்கின மொத நேட்டிவ் அமெரிக்கப் பொண்ணும் இவங்க தான், சரி. ஆனா 2016லயே சர்ட்டன் விமன் படத்துல அவ்ளோ பேர் வாங்கியும் நடிப்ப நம்பி ஓட்ட முடியாம 2020ல டேட்டா அனலிடிக்ஸ் கோர்சுக்கு காசு கட்ட கார்டை எடுத்துட்டாங்களாம், அப்போ தான் ஸ்கார்செசி கூப்ட்டாராம். நம்ம காலேஜ் பசங்க கதை மாதிரியே இருக்குல்ல.

இப்போ ஃபேன்சி டான்ஸ். ஒன்றரை மணி நேரம் தான். எடுத்த எரிக்கா டிரெம்ப்ளே, படத்துல வர்ற அதே செனிகா-கயூகா பூர்வகுடி ஜனம். அக்கா தங்கச்சில ஒருத்தி காணாம போயிட்டா, எஃப்பிஐக்கு அக்கறையே இல்ல, அவ பொண்ண இன்னொருத்தி ஜாக்ஸ் வளக்குறா, ஜாக்ஸ் தான் லிலி. ஜாக்ஸ் மேல பழைய கேஸ் இருக்குன்னு குழந்தைய வெள்ளைக்காரத் தாத்தா வீட்டுல கொண்டு விட்டுடறாங்க. கயூகா மொழில சித்திக்கு உள்ள வார்த்தைக்கு குட்டி அம்மான்னு அர்த்தமாம், இங்கிலீஷ்காரனுக்கு அத விளக்கணும், நமக்கு சின்னம்மான்னு சொன்னா போதும், பெத்தவ இல்லேன்னா அடுத்த அம்மா அவ தானே, அவகிட்டருந்து புடுங்குறது எவ்ளோ பெரிய அநியாயம்னு அங்க தான் உறைக்கும். இதுல லிலி திருடுவா, பொய் சொல்லுவா, கெட்ட வார்த்தை பேசுவா, பாவமா படுத்துக்கிட்டு இருக்க மாட்டா. நடுவுல ரோட்ல போற பகுதி கொஞ்சம் இழுவை தான். 2023 சன்டான்ஸ் திரைப்பட விழால காட்டி ஒரு வருஷத்துக்கு மேல வாங்க ஆளில்லாம கெடந்த படமாம் இது, என்னத்த சொல்ல.

இதுக்கு 4/5, ஸ்கார்செசி படத்துக்கு 3.5, அந்த அரையும் மழை சீனுக்கு. ஃபேன்சி டான்ஸ்ல கடைசில வர்ற டான்ஸ இன்னொரு தடவை பாத்துட்டு தான் கேன்சல் பண்ணேன்.