மாதக் கடைசியில் ஹட்டன் பக்கத்துப் பெற்றோல் செட்

மாதக் கடைசி இரவுதான் இந்தச் செட்டுக்குப் பரீட்சை. இலங்கையில் எரிபொருள் விலைத் திருத்தம் வழக்கமாக அன்று நள்ளிரவில்தான் வரும். கூடப்போகுது என்று கதை பரவினால் ஆட்டோ வரிசை வீதிவரை நீளும். குறையும் என்றால் 500 ரூபாய்க்கு மட்டும் அடிப்பார்கள். சிங்கப்பூர் எண்ணெய்ச் சந்தை, டொலர் மதிப்பு, வரி மூன்றும்தான் விலையை ஆட்டுகின்றன. 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் ஆனது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள்: ஆட்டோத் தாங்கி சுமார் 8 லீற்றர். லீற்றருக்கு 10 ரூபாய் கூடினாலும் மிச்சம் 80 ரூபாய்தான். அதற்காக எஞ்சினை ஓடவிட்டு வரிசையில் நிற்பது நட்டம்.

இந்தச் செட்டில் மீற்றரைப் பூச்சியத்தில் காட்டிவிட்டே அடிக்கிறார்கள், அருமை. குழாய் 'டக்' என்று நின்ற பிறகும் கணக்கு முழுசாகட்டும் என்று அழுத்துவதுதான் பிழை. வாய்வரை நிரம்பினால் ஏற்றத்தில் மூடியால் கசியும். நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.