சொந்த வீடா, வாடகையா: ஒரு காரைக்குடிக்காரனின் கணக்கு

எங்கள் ஊர் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் உண்டு, பர்மா தேக்குத் தூண் உண்டு, தரையில் ஆத்தங்குடிக் கல் இன்னும் பளபளக்கிறது, ஆனால் எங்கள் பங்குக்கு வருவது ஒரே ஒரு அறையும் முழ நீளச் சாவியும்தான். ஓடு மாற்றக்கூட சிங்கப்பூரிலும் கோவையிலும் இருக்கிற பங்காளிகள் தலையாட்ட வேண்டும். இதில் வளர்ந்தவனிடம் வந்து வீடு வாங்கு என்கிறார்கள்.

சரி, வாங்குவோம். 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்: மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய், முடிக்கும்போது வட்டி மட்டும் 54 லட்சம், அசலையே தாண்டிவிடும். முத்திரைத்தாளுக்கே 7 சதவீதம் போகிறது, அதனால் இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பினால் கைதான் சுடும்.

வாடகைக்கு நான் கொடுப்பது 18,000. வேலை பெங்களூருக்கு மாறினால் ஒரு மினி லாரி போதும். அதற்காக வாடகை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். நான் கையெழுத்துப் போட்ட எல்லாவற்றிலும் அந்த ‘வேறு மாதிரி’தான் இருந்தது! போன வீட்டில் பெயின்ட் காசு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்பத்தாவிடம் சொன்னேன். “ஆணி அடிக்கவும் கேக்கணுமாப்பா அங்க?” என்றார்.

“இங்க மட்டும் என்ன அப்பத்தா?”

சிரித்துக்கொண்டே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.