டெய்ம்லர்-பென்ஸ் டிபி 605: மூச்சில் கெட்டி, எண்ணெயில் கோளாறு

1942-ல் ஜெர்மானியப் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் ஜி வகையோடு களத்துக்கு வந்த எஞ்சின் இது. இதற்கு முன்னோடியான டிபி 601-இன் அதே தலைகீழ் வி-12 அமைப்புதான்: பன்னிரண்டு சிலிண்டர், கவிழ்த்த V வடிவில். சிலிண்டர் விட்டத்தை மட்டும் 150 மி.மீ.-லிருந்து 154 ஆக்கி, ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் நகரும் தூரத்தை) 160-லேயே விட்டார்கள். கொள்ளளவு 33.9 லிட்டரிலிருந்து 35.7 ஆனது. நிமிடத்துக்கு 2,800 சுற்றில், மேலெழும்பும்போது 1,475 குதிரைத்திறன். ஏட்டுக் கணக்கு இது.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் இதன் சூப்பர்சார்ஜர் அருமையானது. கியர் மாற்றிச் சூப்பர்சார்ஜரின் வேகத்தைக் கூட்டும் எஞ்சின்களில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட உயரத்தில் திறன் பள்ளத்தில் விழும். இங்கே கியருக்குப் பதில், ஆயில் வழியே சுழற்சியைக் கடத்தும் கப்ளிங். வெளிக்காற்றின் அழுத்தத்தை உணரும் கருவி கப்ளிங்குக்குப் போகும் ஆயிலைக் கூட்டிக் குறைக்கிறது. அதனால் தாழ்வில் திறன் வீணாவது குறைவு. ஏற ஏற, சுமார் 5.7 கி.மீ. வரை, சூப்பர்சார்ஜரின் வேகம் சீராகக் கூடுகிறது. விமானிக்கு இதில் வேலையே இல்லை.

எரிபொருள் ஊசிப் பம்பும் அதேபோல் அருமை. பன்னிரண்டு சிலிண்டருக்கும் அளந்து நேரே உள்ளே தெளிக்கிறது. மூக்கைச் சட்டெனக் கீழே தள்ளினாலும் எஞ்சின் திணறாது; மிதவை கார்புரேட்டர் வைத்த தொடக்ககால மெர்லின் (பிரிட்டிஷ் எஞ்சின்) திணறியது.

இனி குறை. 601-இல் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ரோலர் பேரிங் இருந்தது. 605-இல் அதை எடுத்துவிட்டு உருளையில்லாத சாதா பேரிங் போட்டார்கள். ரோலர் கொஞ்சம் ஆயில் தெறித்தாலே தாக்குப்பிடிக்கும். சாதா பேரிங்குக்கோ அறுபடாத ஆயில் படலம் வேண்டும். உயரத்தில் ஆயில் நுரைத்தது. காற்றுக்குமிழி புகுந்த இடத்தில் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசியது. பேரிங் உருகினால் ராடு உடைவதும், சிந்திய ஆயில் சூடான எக்ஸாஸ்டில் பட்டுத் தீப்பிடிப்பதும் தொலைவில் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வுகள் எரிந்துபோனது தனித் தலைவலி. 1942 செப்டம்பர் 30 அன்று எகிப்தில் ஜெர்மானியப் போர்விமானி ஹான்ஸ்-யோகாயிம் மார்செய்யின் புத்தம்புதிய ஜி-2 எஞ்சின் கோளாறால் புகை கக்கியது. வெளியே குதித்தபோது வால்பகுதியில் அடிபட்டு இறந்தார்.

இந்தக் கோளாறுகளால், முழுத் திறனுக்கு வேண்டிய 1.42 ஆட்டா அழுத்தத்தைத் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்; 1 ஆட்டா ஏறத்தாழக் கடல்மட்டக் காற்றழுத்தம்) தொடவே தடை, உச்சவரம்பு 1.3 ஆட்டா, 2,600 சுற்று. அந்த 1,475 குதிரைத்திறனை விமானி கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆயிலைச் சுழற்றிக் காற்றைப் பிரிக்கும் கருவி பொருத்திய பிறகு, 1943-இன் பிற்பகுதியில்தான் தடை விலகியது. இந்தக் கருவி முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

1944-இல் வந்த 605-இன் ஏஎம் வகையில் எம்டபிள்யூ 50 என்ற தெளிப்புக் கலவை சேர்ந்தது: பாதி மெத்தனால், பாதி தண்ணீர், துளி துருத்தடுப்பு எண்ணெய். உள்ளிழுக்கும் காற்றைக் குளிர்வித்து, எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டாமல் (நாக் ஆகாமல்) 1.7 ஆட்டா வரை போகவிடுகிறது, திறன் 1,800. ஒரே மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் கூடாது, இடையில் 5 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். சூப்பர்சார்ஜரின் வரம்பு உயரத்துக்கு மேலே போய்விட்டால் இதனால் பயனில்லை, அங்கே குறைவது காற்றே. உயரத்தில் சண்டையென்றால், இதைவிடப் பெரிய எஞ்சினான டிபி 603-இன் பெரிய சூப்பர்சார்ஜரை ஏற்றிய ஏஎஸ் வகைதான் சரி.

இரண்டு 605-ஐ ஒரே கியர்பெட்டியில் பிணைத்து ஹைன்கெல் 177 குண்டுவீச்சு விமானத்தில் வைத்த டிபி 610-ஐ மட்டும் தொடவே வேண்டாம். 24 சிலிண்டரின் சூடும் ஆயில் குழாய்களும் எரிபொருள் குழாய்களும் ஒரே கூட்டுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன. சிறு கசிவே தீ மூளப் போதும்.