மைலேஜ் செட் என்று சொல்லி 8,500 ரூபாய் பறித்துவிட்டார்கள், சேலத்துக்காரர்கள் கவனம்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பழைய ஆல்டோ மாதிரி சின்னக் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் ஏற்காடு ஏறி இறங்குகிறவர்கள், தயவுசெய்து படியுங்கள்.

வாரத்தில் நாலு நாள் வேலைக்காக மலை ஏறுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு, பாதி நேரம் இரண்டாம் கியர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. பெட்ரோலோ 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. பைபாஸ் பக்கம் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் ‘மைலேஜ் செட்’ என்றார்கள். பெட்ரோல் குழாயில் கவ்வும் காந்தம், காற்றுக் குழாய்க்குள் ஒரு தகர விசிறி, ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரைச் சோதிக்க மெக்கானிக்குகள் கருவி செருகும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் பெட்டி. மொத்தம் 8,500 ரூபாய். மைலேஜ் ஏறாவிட்டால் பணம் வாபஸ்.

வெறும் வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுக்கவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னேன். கடைப்பையன் பங்க்கில் கழுத்து வரை தளும்பத் தளும்ப நிரப்பினான், டயருக்குக் காற்றும் பிடித்தான். ஓமலூர் வரை 50-லேயே ஓட்டிப் போய்த் திரும்பினோம், 31 கிலோமீட்டர். மறுபடி நிரப்பும்போது ஹோஸை அவனே வாங்கிப் பிடித்து, பம்ப் தானாக நிற்கும் முதல் ‘டக்’ சத்தத்திலேயே எடுத்துவிட்டான். 1.2 லிட்டர். “பாருங்கண்ணா, இருபத்தஞ்சைத் தாண்டிருச்சு!” மீட்டரில் கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகம் வரும்? அங்கேயே நின்று 8,500 ரூபாயை ஃபோனில் அனுப்பினேன். இவ்வளவு குறைந்த தூரத்துக்கு அரை லிட்டர் குறைத்து நிரப்பினாலே கணக்கு மாறிவிடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம் மூன்று டேங்க் நானே நிரப்பிப் பார்த்தேன். அதே 16. கேட்டால், “ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்ணா, பெட்டி வண்டியைப் படிக்கணும்.” ஓடியது. “பங்க்கை மாத்துங்க.” மாற்றினேன். “நீங்க ஓட்டுற விதம் சரியில்லைங்க.” பிறகு முதலாளி ஈரோடு போயிருக்கிறார், நாளைக்கு வாங்க. இப்போது என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார்கள்.

போன ஞாயிறு அம்மாவோடு ஏறும்போது பாதி மலையில் வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, அம்மா கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. சர்வீஸில் கழற்றிப் பார்த்தால், விசிறி காற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதில் ஒரு தகடு கழன்று ஆடுகிறது. குழாய் கிளிப்பைச் சரியாக மாட்டாததால் ஃபில்டரில் படாமலே தூசி உள்ளே போயிருக்கிறது. மெக்கானிக் பெட்டியைப் பிரித்தார், மினுக்குகிற இரண்டு விளக்கு, அதை எரியவிட ஒரு சில்லு, அவ்வளவுதான். காரின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டிய பின்களுக்கு உள்ளே இணைப்பே இல்லை. 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்று ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து வண்டியே அளந்துகொள்கிறதாம், காந்தம் அதில் என்ன செய்யும் என்று அவர் கேட்டார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை இந்த மாதிரி 100-க்கும் மேற்பட்ட சாமான்களைச் சோதித்து, பெரும்பாலானவற்றால் பயனில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டது. நான் நேற்றுதான் படிக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், எனக்குக் கிடைத்தது வெள்ளைத்தாளில் ‘அக்சஸரீஸ் 8,500’. ஹோஸை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. நான் கூப்பிட்டுவிட்டேன். திங்கட்கிழமை காந்தம், விசிறி, பெட்டி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்கே போகிறேன், 8,500 ரூபாயை வாங்காமல் வரமாட்டேன்.